நோயோடு ராணுவத்தை விட்டு வந்த பெரியவருக்கு டிசபிலிட்டி பென்ஷன்: எங்கெங்கே தடுக்கிறார்கள்

குண்டடி பட்டவருக்குத்தான் டிசபிலிட்டி பென்ஷன் (உடல் பாதிப்புக்கான ஓய்வூதியம்) என்று நம்பியே வயதாகிப்போன முன்னாள் ராணுவத்தினர் நிறைய பேர் இருக்கிறார்கள். அது தவறு. ரத்த அழுத்தம், சர்க்கரை, மாரடைப்பு, வலிப்பு, முதுகுத்தண்டு பிரச்சினை, மனநோய், எதுவானாலும் அது பணியால் வந்திருந்தால், அல்லது பணியால் மோசமாகியிருந்தால், உரிமை உண்டு. பாதிப்பு 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். 2023 செப்டம்பர் 21 முதல் புது விதிகள் வந்துவிட்டன. நான் சொல்வதெல்லாம் அதற்கு முன்பே வெளியே வந்த பெரியவர்களுக்கு.

பெரியவருக்காக அலையத் தொடங்கும் முன் ஒன்றைக் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். நோய் எப்போது பதிவானது? பணியில் இருந்தபோதோ, வெளியே வரும்போது நடந்த மெடிக்கல் போர்டிலோ (ராணுவ மருத்துவர் குழுவின் பரிசோதனை) எழுதப்பட்டிருந்தால் போராட வழி இருக்கிறது. வீட்டுக்கு வந்து பல வருடம் கழித்துச் சர்க்கரை வந்தது என்றால் பென்ஷன் கிடைப்பது மிகக் கடினம். அவருக்கு இசிஎச்எஸ் (முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டம்) சிகிச்சையை ஒழுங்காக வாங்கிக் கொடுங்கள். "எல்லாருக்கும் வாங்கித் தரலாம் ஐயா, வருகிற பணத்தில் பாதி கொடுங்கள்" என்று வருகிற ஏஜென்டை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் இணையதளம்) கடவுச்சொல்லையும் ஓடிபியையும் ஏஜென்டிடம் கொடுத்துவிட்டுத் தவித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வீண் அலைச்சல், அரசு மருத்துவமனையில் மாற்றுத்திறனாளி சான்றிதழ் வாங்கி வருவது. அதில் 60 சதவீதம் என்று போட்டிருந்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது. இங்கே செல்லுபடியாவது ராணுவ மெடிக்கல் போர்டின் சதவீதம் மட்டுமே.

எனவே முதலில் கையில் இருக்க வேண்டியது அந்த மெடிக்கல் போர்டு தாள்தான். ஏஎஃப்எம்எஸ்எஃப்-16 என்பது படிவத்தின் பெயர். பெரும்பாலான பெரியவர்களிடம் அதன் நகல் இருக்காது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ள படை எண்ணைப் போட்டு, அவருடைய ரெக்கார்ட் ஆபீசுக்கு (படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு. கட்டணம் 10 ரூபாய். பணியில் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும் அதே மனுவில் கேளுங்கள். பென்ஷன் இல்லாமல் வந்தவர்களின் கோப்புகளை 25 வருடத்துக்குப் பின் அழித்துவிடுகிறார்கள். அழித்திருந்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், வழக்குக்கு உதவும்.

தாள் வந்ததும் இரண்டு இடங்களைப் பாருங்கள். படிவத்தின் முதல் பகுதியில், பணியில் சேரும் முன் இந்த நோய் இருந்ததா என்று அவரிடமே ஒரு கேள்வி இருக்கும். அதில் "இல்லை" என்று இருந்தால் நல்லது. அடுத்தது போர்டின் கருத்து. நோய் பணியால் வந்ததா, பணியால் மோசமானதா என்று கேட்டிருக்கும். இரண்டுக்கும் எதிரே "நோ". பக்கத்தில் காரணம் என்று ஒரே வரி: உடலமைப்பு சார்ந்த நோய், அல்லது அமைதிப் பகுதியில் தொடங்கியது. அந்த ஒரு வரியில் ஒரு மனிதனின் இருபது வருட உழைப்பைத் தள்ளிவிடுகிறார்கள். மாரடைப்பு என்றால் அதற்கு முந்தைய 14 நாள் அவர் என்ன வேலை பார்த்தார் என்று பார்க்க வேண்டும் என்பது அவர்களுடைய மருத்துவ வழிகாட்டியிலேயே இருக்கிறது. பல தாள்களில் அப்படிப் பார்த்த சுவடே இல்லை.

இந்த ஒரு வரிக்கு எதிராக நம் கையில் இருப்பது 2013இல் வந்த தரம்வீர் சிங் தீர்ப்பு. வலிப்பு நோயால் வெளியே அனுப்பப்பட்ட சிக்னல்ஸ் (தகவல் தொடர்புப் பிரிவு) படைவீரர் அவர். சேரும்போது பதிவேட்டில் நோய்க் குறிப்பு இல்லையென்றால், பிறகு வந்தது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது அரசின் வேலை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மனுவில் இதை எழுதாமல் விடாதீர்கள். அலுவலகம் தானாக எடுத்துப் படிக்காது.

ஏற்கெனவே டிசபிலிட்டி பென்ஷன் வாங்குபவரின் பிபிஓவையும் (பென்ஷன் வழங்கும் ஆணை) ஒருமுறை பாருங்கள். பாதிப்பு 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், அதற்கு மேல் 100 ஆகவும் உயர்த்தித் தர வேண்டும். முழு சர்வீஸ் முடித்து வந்தவருக்கும் இது உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. 100 சதவீதப் பாதிப்புக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. சம்பளம் 40,000 என்று வையுங்கள், 30 சதவீதப் பாதிப்புக்கு மாதம் 3,600 ரூபாய். உயர்த்தினால் 6,000. தீர்ப்பு வந்து இத்தனை வருடம் ஆகியும் பழைய தொகையையே வாங்கிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள், கேட்கவில்லை என்பதாலேயே.

இனி அலுவலக அலைச்சல். வங்கியில் கேட்டால் பிரயாக்ராஜ் பென்ஷன் கணக்கு அலுவலகத்தைக் கை காட்டுவார்கள். அங்கே எழுதினால் ரெக்கார்ட் ஆபீசைக் கேள் என்பார்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொள்வார்கள். முழங்கால் வலியோடு ஒரு பெரியவரை இப்படி அலைய வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. கோரிக்கையை ரெக்கார்ட் ஆபீசுக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ஒப்புகை அட்டையைப் பத்திரமாக வையுங்கள். வாயால் சொன்ன பதிலை நம்பித் திரும்பாதீர்கள்.

மறுப்புக் கடிதம் வந்தால் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் அப்பீலுக்கு ஆறு மாதம். அதுவும் தள்ளுபடியானால் இரண்டாவது அப்பீல், அப்புறம் சென்னையில் இருக்கும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம். "உங்களுக்குக் காலம் கடந்துவிட்டது" என்று எழுதியிருந்தாலும் விட்டுவிடாதீர்கள். பென்ஷன் மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதத்தை மன்னிக்கிறார்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள்.

ஆனால் தாமதத்துக்கு விலை உண்டு. 2008இல் வந்த தர்சேம் சிங் தீர்ப்பின்படி, பழைய பாக்கி பொதுவாக வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்குத்தான் கிடைக்கும். அவர் 1990இல் வந்திருந்தாலும் அவ்வளவுதான். அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளினால் ஒரு மாதப் பாக்கி அவர் கையை விட்டுப் போகிறது. தகவல் உரிமை மனுவை இந்த வாரமே தபாலில் சேருங்கள்.