லூக்கியா எப்படி லூசியா ஆனாள்?

லூசியா என்று கூப்பிட்டால் ஜூலியஸ் சீசர் காலத்து ரோமானியப் பெண் திரும்பிப் பார்த்திருக்க மாட்டாள். அன்று அந்தப் பெயர் லூக்கியா. லத்தீனில் 'லூக்ஸ்' என்றால் ஒளி. அதிலிருந்து ஆண்பிள்ளைக்கு லூக்கியுஸ், பெண்பிள்ளைக்கு லூக்கியா. பொழுது விடியும்போது பிறந்த பிள்ளைக்கு வைத்த பெயர் என்று ரோமானிய அறிஞர் வாரோ விளக்கம் சொல்கிறார்.

பிறகு ககரம் எங்கே போனது? விடை வாய்க்குள் இருக்கிறது. ககரம் அடிநாவில் பிறக்கிறது, சகரம் இடைநாவில். தொல்காப்பியமே இதைச் சொல்லிவிட்டது. இகரத்துக்கோ நாக்கு முன்னே எழும்ப வேண்டும். 'கி' என்னும்போது, வரப்போகும் இகரத்துக்காக நாக்கு முன்கூட்டியே நகர்கிறது; ககரமும் கூடவே இழுபடுகிறது. தலைமுறை தலைமுறையாக இப்படி நகர்ந்து, இத்தாலியில் லூச்சியா, போர்ச்சுகலில் லூசியா, பிரான்சில் லூசி என்று ஆகிவிட்டது. சார்டீனியத் தீவின் மலைப்பக்கம் மட்டும் பழைய ககரத்தை விடவில்லை: இத்தாலியர் நூறை 'சென்தோ' என்றால், அங்கே இன்றும் 'கென்து'.

நமக்கு இது புதிதா என்ன? கன்னடர் 'கிவி' என்பதை நாம் 'செவி' என்கிறோம்; அவர்கள் 'கெம்பு' என்னும் சிவப்பை 'செம்' என்கிறோம். திராவிட மொழிகளுக்கெல்லாம் தாயான மூலத் திராவிடத்தில் இருந்தது ககரம்தான். இகர எகரத்தின் முன் தமிழ் அதைச் சகரமாக்கியது. ஆனால் கிளி, கெடு, கிழங்கு மாறவில்லை. அடுத்து வரும் ள, ட, ழ போன்ற நாமடி ஒலிகள் நாக்கைப் பின்னே வளைத்து ககரத்தைக் காப்பாற்றிவிட்டன. எனக்கு மிகவும் பிடித்த இலக்கண நுணுக்கம் இது. லத்தீனும் தமிழும் உறவே இல்லாத மொழிகள். ஆனாலும் இரண்டிலும் நாக்கு ஒரே வழியில்தான் போயிருக்கிறது.

பொருளின் பக்கம் வந்தால் உறவு வேறு திசையில் விரிகிறது. லூக்ஸுக்கு அடியில் இருப்பது லத்தீன், கிரேக்கம், சமஸ்கிருதம் எல்லாம் அடங்கிய இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்தின் வேர் 'லெவுக்', ஒளிர்தல். கிரேக்கத்தில் அதுவே வெண்மை. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் ரத்தப் புற்றுநோயான லுக்கேமியாவுக்குப் பெயர் தந்தது அந்தச் சொல். சமஸ்கிருதத்தில் 'ருச்', ஒளிர்வது. அதில் பிறந்த 'ருசி' முதலில் ஒளி, பின்பு விருப்பம், பின்பு சுவை என்று பொருள் மாறி நம் சமையலறைக்கே வந்துவிட்டது. கண்ணைக் குறிக்கும் 'லோசனம்' என்பதும் இதே குடும்பம்.

டிசம்பர் 13 புனித லூசியா திருநாள். பழைய ஜூலியன் நாட்காட்டியில் ஆண்டின் மிக நீண்ட இரவு ஒருகாலத்தில் அந்த நாளை ஒட்டியே வந்தது. சுவீடனில் இன்றும் லூசியாவாக ஒரு பெண் தலையில் மெழுகுவர்த்தி மகுடம் சூடி முன்னே நடக்க, மற்றவர்கள் கூடவே இருட்டில் பாடிக்கொண்டே வருகிறார்கள். ஓவியங்களில் லூசியா கையில் ஒரு தட்டு இருக்கும். தட்டில் இரண்டு கண்கள். கத்தோலிக்கர் கண்நோய் தீர வேண்டிக்கொள்ளும் புனிதை இவர். நல்ல கண்ணுடையாள் என்று பொருள்படும் நம் ஊர் சுலோசனாவும், வேர்வழியே பார்த்தால், இவருக்குத் தங்கை முறைதான்.