ஈசிஜி நார்மல்தான், வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டீர்களா?

போன வாரமும் ஒரு மஞ்சள் பை வந்தது. பாம்பன் பக்கத்து அம்மா. பைக்குள் ஈசிஜி, ஸ்கேன், எண்டோஸ்கோபி என்று ஒரு கத்தை, எல்லாமே நார்மல். "நெஞ்சு படபடன்னு அடிக்குது, உடம்பெல்லாம் எரியுது டாக்டர்." வீட்டுக்காரரை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து இப்படித்தானாம். இதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. குளுக்கோஸ் மட்டும் ஏற்றியிருக்கிறார்கள், வட்டிக்கு வாங்கிய காசில்.

"உழைக்கிற சனத்துக்கு ஏதுங்க டிப்ரஷன்?" இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. வெள்ளைக் கோட்டு போட்டவர்களே சொல்கிறார்கள். ஐயா, வசதி இல்லாதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, பெரும்பாலான நாடுகளில். ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும், வட்டி நிற்காது. வீட்டுக்காரர் குடிப்பார், அவள் கடல்பாசி எடுக்கப் போவாள். இதில் மனசு மட்டும் அலுங்காமல் இருக்குமா? அவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்ல மாட்டார்கள். கிறுகிறுப்பு, எரிச்சல், பசியில்லை என்பார்கள். நோய் முற்றினால் வேலைக்குப் போக முடியாது, கடன் ஏறும், கடன் ஏறினால் நோயும் ஏறும்.

சரி, கண்டுபிடித்தாகிவிட்டது. மாத்திரை வாங்க ராமநாதபுரம் வர வேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. இரண்டு முறை வரவில்லையென்றால் கேஸ் ஷீட்டில் "ஒத்துழைப்பதில்லை" என்று எழுதுகிறோம். யார் யாரோடு ஒத்துழைக்கவில்லை? 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்தபின் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வாசலுக்கு வருகிறது. மனநல மாத்திரையும் அப்படி வரட்டுமே. குறைந்தபட்சம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலாவது, அதுவும் கடலுக்குப் போகாத நாளில்.

ஏர்வாடி தர்கா பக்கத்து மனநலக் காப்பகத்தில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியில் கட்டிக்கிடந்த 28 பேர் தீயில் செத்தார்கள். 2017 மனநலச் சட்டம் சங்கிலியைத் தடை செய்கிறது. அரசு செலவில் சிகிச்சை உங்கள் உரிமை என்றும் சொல்கிறது. தர்காவுக்குப் போங்கள், கோவிலுக்குப் போங்கள், யார் வேண்டாம் என்றது? மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். நன்றாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரையோடு குடி வேண்டவே வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் போனால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். வர முடியாதவர்கள் அரசின் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். இலவசம், இரவு பகல் எந்நேரமும், தமிழிலேயே பேசலாம். யாராவது "செத்துடலாம் போல இருக்கு" என்றால் தயவுசெய்து திட்டாதீர்கள், தனியாக விடாதீர்கள். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்திவிட்டு அன்றைக்கே கூட்டி வாருங்கள்.