கார்ட்டிசால்: புறணியில் சுரக்கும் நீர்

‘மன அழுத்த ஹார்மோன்’ என்று பத்திரிகைகள் எழுதும் கார்ட்டிசாலின் பெயரில் மனமும் இல்லை, அழுத்தமும் இல்லை. இருப்பது மரப்பட்டை. லத்தீனில் ‘கார்டெக்ஸ்’ என்றால் பட்டை. சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் கவிந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் மேலடுக்குக்கு அந்தப் பெயர். அங்கே சுரப்பதால் கார்ட்டிசால். 1930களில் இதைப் பிரித்தெடுத்த எட்வர்ட் கெண்டல் ‘எஃப் சேர்மம்’ என்றுதான் குறித்துவைத்தார். புறணிச் சுரப்பு ஆய்வுக்காக 1950இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

‘ஹார்மோன்’ கிரேக்க வேர். ‘கிளப்பிவிடு’ என்பது பொருள். 1905இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர் ஸ்டார்லிங் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். தமிழில் இயக்குநீர். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் மன்னாரில் ‘ஓமோன்’.

கார்டெக்ஸுக்குப் பாடநூல்களில் உள்ள சொல் ‘புறணி’. அதற்கும் மரப்பட்டை, மேல்தோல் என்ற பொருள் உண்டு. சுரப்பியின் உட்பகுதி அகணி. பனைமட்டையின் உள்நாருக்கும் அந்தப் பெயர்தான், சாயல்குடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே ‘புறணிநீர்’ எனலாம். புறணி பேசுவதோடு சிலர் குழப்பிக்கொள்வார்கள்; ‘மன அழுத்தம்’ செய்யும் குழப்பத்தோடு ஒப்பிட்டால் அது சிறிது. அந்தச் சொல்லை டிப்ரஷனுக்கும் எழுதுகிறோம், ‘அழுத்தம்’ என்றாலோ பலருக்கு பிரஷர் மாத்திரை நினைவுக்கு வருகிறது.

புறணிநீர் பகையல்ல. விடியலில் ஏறி நம்மை எழுப்புவது அது. நள்ளிரவையொட்டி அடிமட்டத்துக்கு இறங்கும். திடீர் பயத்தில் முந்திக்கொள்வது அகணியின் அட்ரினலின், அது பசியை அடக்கும். கவலை வாரக்கணக்கில் நீண்டால் புறணிநீரின் கை ஓங்குகிறது. கல்லீரலைச் சர்க்கரை தயாரிக்க வைக்கும். கூடவே இன்சுலின் ஏறும். இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் நாட்டம் போகும். இந்த நீரை ஏற்கும் வாங்கிகள் வயிற்றின் உட்கொழுப்பில் அதிகம். அதனால்தான் கொழுப்பு தொடையைவிடத் தொப்பையில் சேர்கிறது.

ராத்திரி கடலுக்குப் போய் விடிந்து திரும்புகிறவருக்குத் தூக்கம் துண்டுதுண்டாகும். இறங்க வேண்டிய நேரத்தில் கார்ட்டிசால் முழுதாக இறங்காது. பகலில் தூங்கும் வழக்கமுள்ளவர் காலை 8 மணி ரத்தப் பரிசோதனைக்குப் போனால் வேலை நேரத்தைச் சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் முடிவைத் தவறாகப் படிப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் எடை ஏறினால் எல்லாப் பழியையும் ஹார்மோன்மேல் போடக் கூடாது. வலை இழுக்கும் வேலை நின்றுவிட்டது. கடன் கவலையோடு டீக்கடையில் உட்காரும் நேரம் கூடிவிட்டது. 2 தேக்கரண்டிச் சர்க்கரை சுமார் 40 கலோரி. நாளுக்கு 6 டீ என்றால் சர்க்கரை மட்டும் 240.

அளக்க வேண்டியது இடுப்புச் சுற்று. கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே நாடாவை வைத்து, மூச்சை இயல்பாக விட்டபின் பாருங்கள். நம்மவர்களுக்கு எல்லை ஆண் 90 செ.மீ., பெண் 80 செ.மீ. தொப்பைக்குக் கீழே கைலி கட்டும் இடத்தில் அளந்தால் கணக்கு குறைவாக வரும்.

பருமனுள்ள பெரும்பாலோருக்கு ரத்தக் கார்ட்டிசால் இயல்பாகவே இருக்கும். உண்மையிலேயே எல்லை மீறும் குஷிங் நோய் அரிது. 1932இல் ஹார்வி குஷிங் விரிவாக எழுதியதால் அந்தப் பெயர். முகம் உருண்டு, பிடரியில் திமில்போல் சதை தடித்து, வயிற்றில் ஊதாக் கோடுகள் விழும். கைகால் மட்டும் மெலிந்து, குந்தியவர் கையூன்றாமல் எழ முடியாது. ஊரில் இந்தத் தோற்றம் கண்ணில் பட்டால் முதலில் மாத்திரையை விசாரியுங்கள். மூட்டுவலிக்கும் மூச்சிளைப்புக்கும் சீட்டில்லாமல் வாங்கும் டெக்ஸாமெதசோன், பிரெட்னிசலோன் இரண்டும் கார்ட்டிசாலின் செயற்கை உறவினர்கள், 5 மி.கி. பிரெட்னிசலோன் 20 மி.கி. கார்ட்டிசாலுக்குச் சமம். மூன்று நான்கு வாரத்துக்கு மேல் சாப்பிட்டவர் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்தவும் கூடாது. சொந்தப் புறணி அதற்குள் தூங்கிப்போயிருக்கும். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். அளவைப் படிப்படியாகக் குறைப்பது மருத்துவர் கையில் இருக்க வேண்டிய வேலை.