பட்டாளம்: சொல் வந்த வழியும் தமிழில் அதற்குள்ள சொற்களும்

வேலூரைச் சுற்றியுள்ள ஊர்களில் வழி கேட்டால், "பட்டாளத்தார் வீட்டுக்கு எதிர் வீடு" என்று சொல்வார்கள். அந்தப் பட்டாளத்தார் ஓய்வு பெற்று ஊருக்கு வந்து முப்பது வருடம் ஆகியிருக்கும். சில தெருக்களில் அவர் காலமாகியே இருப்பார். வீட்டுக்கு மட்டும் அந்தப் பேர் நிற்கும். கணியம்பாடிப் பக்கம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்றே இன்னொரு பேர் உண்டு. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்துக்குப் போன ஊர் என்பதால் வந்த பேர்.

சரி, பட்டாளம் தமிழ்ச் சொல்தானா? 'பட்ட ஆள்' என்பதுதான் அப்படித் திரிந்தது, அதாவது காயம் பட்ட ஆள், போரில் பட்ட ஆள் என்று சிலர் விளக்குவதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல் வந்த வழி வேறு. ஆங்கிலத்தில் பட்டாலியன், போர்ச்சுகீசியத்தில் பத்தல்யாவ், பிரெஞ்சில் பத்தாயோன் என்று வழங்கும் சொல்தான் நம் நாவில் பட்டாளம் ஆனது. இவற்றுக்கெல்லாம் மூலம் இத்தாலிய மொழியின் பத்தாலியோனே. அதற்கும் பின்னால் லத்தீனில் பத்துவேரே என்ற வினை இருக்கிறது. அதன் பொருள் 'அடி'. வாள்வீரர்கள் ஒருவரை ஒருவர் அடித்துப் பழகும் பயிற்சிக்கு ஆன பேர், பிறகு போருக்கு ஆகி, அப்புறம் போரிடும் கூட்டத்துக்கு ஆகிவிட்டது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் போர் முழக்கம் "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு". லத்தீன் பத்துவேரேக்கும் இந்த 'அடி'க்கும் உறவு ஏதும் கிடையாது. ஆனாலும் பொருளில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

ஆங்கிலத்தில் பட்டாலியன் என்பது சில நூறு வீரர்கள் கொண்ட ஒரு பிரிவை மட்டும் குறிக்கும். தமிழில் ராணுவம் முழுவதற்கும் பரவிவிட்டது. "மூத்தவன் பட்டாளத்துல இருக்கான்" என்றால் எந்தப் பிரிவு என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைப் பட்டாளம், நண்பர் பட்டாளம் என்றும் பேசுகிறோம். படைப்பிரிவு என்ற பழைய பொருளுக்கு இன்று அரசுத் தமிழில் வழங்கும் சொல் 'அணி'. காட்பாடியை அடுத்த சேவூரில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 15-ஆம் அணி இருக்கிறது. அணி நல்ல தமிழ், அந்த இடத்துக்குப் பொருத்தமும்கூட. மொத்த ராணுவத்துக்குப் படை, தானை இரண்டும் உண்டு.

ஆளைக் குறிக்கும் சொற்களிலும் பல வெளியிலிருந்து வந்தவைதான். 1806 ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைக்குள் எழுந்தவர்களைச் சிப்பாய்கள் என்கிறோம். பாரசீகத்தில் சிபாஹ் என்றால் படை. சிபாஹி அதைச் சேர்ந்தவன். ஜவான் என்பதும் பாரசீகம்தான், அதற்கு இளைஞன் என்று பொருள். படையில் பணி முடித்தவரை ஆங்கிலத்தில் வெட்டரன் என்பார்கள், அது இதற்கு நேரெதிர். லத்தீனில் வேத்துஸ் என்றால் பழைய, முதிய. ஜவானாகப் போனவர் வெட்டரனாக ஊர் திரும்புகிறார்.

அந்த வெட்டரனுக்கு நாம் வைத்திருக்கும் சொல்லில்தான் எனக்கு மனத்தாங்கல். 'முன்னாள் படைவீரர்' என்பது அலுவலகச் சொல். ஓய்வூதியத் தாளுக்கும் நலத்துறைப் பலகைக்கும் அது போதும். ஆனால் அந்த 'முன்னாள்' வந்ததும், அவர் பெற்றதெல்லாம் கழிந்துபோனது போல ஆகிவிடுகிறது. முன்னாள் அமைச்சருக்கு அது சரி. பதவி போய்விட்டது, அவ்வளவுதான். பனியில் நின்று வந்த உடம்புக்கும் மனதுக்கும் முன்னாள் ஏது? திருக்குறளில் படைமாட்சி அதிகாரத்தில் ஒரு சொல் இருக்கிறது:

உலைவிடத்து ஊறஞ்சா வன்கண் தொலைவிடத்துத்
தொல்படைக் கல்லால் அரிது.

தன் பக்கம் ஆள் குறைந்து தோற்கும் நிலை வந்தபோதும், உடம்பில் புண்படுமே என்று அஞ்சாத உறுதி தொல்படைக்குத்தான் வரும் என்கிறார் வள்ளுவர். உரையாசிரியர் பரிமேலழகர் இதை மூலப்படை என்று விளக்கி, கூலிப்படை முதலான மற்ற ஐந்து வகைப் படைகளுக்கும் மேலாக வைக்கிறார். தலைமுறையாக வரும் படை என்பதுதான் அவர் சொல்லும் பொருள், ஓய்வு பெற்றவர் என்பதல்ல. ஆனாலும் 'தொல்' என்ற முன்னொட்டில் முதுமை பெருமையாகத் தெரிகிறது. வேத்துஸுக்கு இதைவிட நெருங்கிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. அன்றாட எழுத்துக்கு 'மூத்த படைவீரர்' போதும். சிறப்பித்துச் சொல்லும் இடத்தில் 'தொல்படை வீரர்' என்று தயங்காமல் எழுதலாம்.

'பட்ட ஆள்' விளக்கம் தவறு என்றேன். ஆனால் 'பட்டான்' என்ற சொல்லுக்கு இந்தப் பக்கத்தில் பெரிய வரலாறு உண்டு. பழைய வடாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த செங்கம் வட்டாரம் முழுக்க நடுகற்கள், இறந்த வீரர்களுக்காக நட்ட கற்கள். பல்லவர் காலத்து எழுத்து பொறித்தவை நிறைய. தொறு என்றால் மாட்டு மந்தை. தொறு மீட்டுப் பட்டான், இன்னான் கல் என்ற அளவில் பல கற்கள் முடிந்துவிடும். பட்டான் என்றால் விழுந்தான், இறந்தான். எடுத்தனூரில் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டுக் கல் ஒன்றில் கருந்தேவகத்தி என்ற வீரனோடு அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதையும் எழுதி வைத்திருக்கிறார்கள். சிங்கம், புலி என்று ஒரு உவமை கிடையாது. நடந்தது மட்டும் இருக்கிறது, நாய் கடித்தது உட்பட. வேலூர் லாங்கு பஜார் மணிக்கூண்டுக் கல்லும் அப்படித்தான். முதல் உலகப் போருக்கு இங்கிருந்து போனவர்கள் 277 பேர், உயிர் விட்டவர்கள் 14 பேர்.

எங்கள் தெருப் பட்டாளத்துத் தாத்தாவும் இப்படித்தான் பேசுவார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று சிறுவர்கள் கேட்டால், தண்ணீர் பாட்டில் உறைந்துபோகாமல் இருக்க அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு படுத்ததைச் சொல்வார். பக்கத்தில் நின்ற குடியாத்தத்துப் பையன் ஒரு காலையில் இறந்துவிட்டான். விடுப்பில் வந்தபோது அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்த அம்மா கேட்டது, "கடைசியா என்னப்பா சாப்பிட்டான்?" "டீயும் ரெண்டு பூரியும்மா" என்றாராம். இதைச் சொல்லும்போது மட்டும் தாத்தா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொள்வார். எத்தனையோ போர்ப் படங்கள் பார்த்தாயிற்று. அந்த இரண்டு பூரி சொன்னதை அவற்றில் எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

தமிழில் இது புதிதும் இல்லை. நெடுநல்வாடையில் பாண்டியன் நள்ளிரவில், வாடைக் காற்றும் தூறலும் அடிக்கும்போது, பாசறையில் விழுப்புண் பட்டவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். வேப்பந்தழை கட்டிய வேலோடு ஒருவன் முன்னால் போய் ஒவ்வொருவராகக் காட்டுகிறான். வெற்றி முழக்கம் எதுவும் இல்லை. விழுப்புண் என்பது விழுமிய புண், முகத்திலும் மார்பிலும் ஏற்கும் புண். அதற்கு ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் தேடினால் கிடைப்பது கடினம்.

தாத்தா விடுப்பு முடிந்து காட்பாடி ஜங்ஷனில் ரயில் ஏறும்போதெல்லாம் கூடவே போன கறுப்பு இரும்புப் பெட்டி, இப்போதும் அவர் பேரன் வீட்டுப் பரண்மேல் இருக்கிறது. மூடியில் வெள்ளைப் பெயிண்டால் எண், பதவி, பெயர். போன பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடித்தபோது பெட்டியைக் கீழே இறக்கினார்கள். எழுத்து மங்கிவிட்டது என்று பேரன் அதன் மேலேயே திரும்ப எழுதினான். இருந்ததை அப்படியே எழுதினான், முன்னால் எதையும் சேர்க்கவில்லை.