ஜாக்-ஓ-லான்டர்ன்: கொள்ளிவாய்ப் பூசணி

கனடாவில் அக்டோபர் முடியும்போது, ஹாலோவீன் இரவுக்காக எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் ஒரு பூசணிக்காய் பல்லை இளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாம் ஓட்டை, உள்ளே விளக்கு. போன ஆண்டு நாங்களும் ஒன்று செதுக்கினோம். மூடியை வெட்டித் தூக்கியதும் உள்ளே நார் நாராகச் சதை, வழவழவென்று விதை. முழங்கை வரை கையை விட்டு அள்ளிக்கொண்டே மகள் கேட்டாள்: "அப்பா, இதுக்குத் தமிழ்ல என்ன?"

"பூசணிக்காய்."

"அது இல்லப்பா. மூஞ்சி வெட்டினதுக்கு அப்புறம்?"

அன்றைக்கு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன்பிறகு தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

'ஜாக்-ஓ-லான்டர்ன்' என்ற ஆங்கிலப் பெயரைப் பிரித்தால் 'லாந்தர் வைத்திருக்கும் ஜாக்' என்று வரும். நம் லாந்தர் விளக்கும் அந்த லான்டர்னும் ஒரே சொல்தான்; லத்தீன் 'லான்டெர்னா', அதற்கும் முன்னால் கிரேக்க 'லாம்ப்டெர்' வரை வேர் போகிறது. ஜாக் என்பது குறிப்பிட்ட ஒரு ஆளின் பெயரே அல்ல. நாம் குப்பன், சுப்பன் என்கிறோமே, அந்த மாதிரி யாரோ ஒருவன். 1660களில் இந்தச் சொல் இரவில் விளக்கேந்தித் திரியும் காவல்காரனைக் குறித்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே பொருள் நகர்ந்துவிட்டது. சதுப்பு நிலத்தில் இரவில் திடீரென்று தோன்றி, கிட்டே போனால் விலகி, வழிப்போக்கனைச் சேற்றுக்குள் இழுக்கும் என்று மக்கள் அஞ்சிய வெளிச்சத்துக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. யாரோ லாந்தரோடு போவதுபோலத் தெரிந்ததால் 'லாந்தர்க்காரச் சுப்பன்'. காய்கறியைக் குடைந்து செய்த விளக்குக்கு இந்தப் பெயர் வந்தது அதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து, 1830கள் வாக்கில்.

ஆக, ஜாக்-ஓ-லான்டர்ன் முதலில் ஆள், பிறகு பேய், கடைசியில்தான் காய். அந்த நடுப்பொருளைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ பளிச்சென்றது. சதுப்பு நிலத்து வெளிச்சத்துக்குத் தமிழில் பெயர் இல்லையா என்ன? கொள்ளிவாய்ப் பேய்! கொள்ளிவாய்ப் பிசாசு என்றும் சொல்வோம். அழுகும் தாவரங்களிலிருந்து கிளம்பும் வாயுக்கள் தீப்பற்றுவதால் அது வருகிறது என்று நம் பள்ளிகளில் விளக்கம் சொல்வார்கள். அறிவியல் வருவதற்கு முன்னால் நம் ஊர்க்காரர்கள் கண்டது, வாயைத் திறந்தால் தீ தெரியும் ஒரு பேய். அதே வெளிச்சத்துக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெயர் 'வில்-ஓ-த-விஸ்ப்'. விஸ்ப் என்றால் கொளுத்திப் பிடிக்கிற வைக்கோல் கற்றை. அவர்கள் வைக்கோல் பந்தத்தைக் கண்ட இடத்தில் நாம் கொள்ளிக்கட்டையைக் கண்டிருக்கிறோம். இரண்டு ஊரும் ஒன்றையொன்று அறியாமலே கிட்டத்தட்ட ஒரே பெயரை வைத்திருக்கின்றன.

இனி அந்தக் காயைப் பாருங்கள். வாய் திறந்திருக்கிறது, வாய்க்குள் நெருப்பு. 'கொள்ளிவாய்' என்பதை விடப் பொருத்தமாக இதை எப்படிச் சொல்வது? ஆங்கிலப் பெயரில்கூட வாய் இல்லை. நம் சொல்லில் இருக்கிறது.

அயர்லாந்தின் நாட்டுப்புறக் கதையும் இதற்குத் துணை நிற்கிறது. கஞ்சன் ஜாக் என்று ஒருவன் சாத்தானை ஏமாற்றி, 'உன் ஆன்மாவை எடுக்க மாட்டேன்' என்று வாக்கு வாங்கிவிடுகிறான். செத்த பிறகு சொர்க்கத்தில் இடமில்லை, நரகத்திலும் சேர்க்கவில்லை. இருட்டில் எங்கே போவது என்றவனிடம் சாத்தான் ஒரு கொள்ளியைத் தூக்கிப் போடுகிறான். ஜாக் அதை ஒரு டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே வைத்துக்கொண்டு இன்னும் அலைகிறானாம்.

ஆமாம், டர்னிப். பூசணி அமெரிக்கக் கண்டத்துச் செடி. அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் வயலில் கிடைத்த கிழங்கைத்தான் குடைந்தார்கள். காசு போட்டு வாங்கிய பொருள் எதுவும் இல்லை. கிழங்கு, மெழுகுவத்தித் துண்டு, மழுங்கிய கத்தி, பொறுமை. அயர்லாந்து தேசிய அருங்காட்சியகத்தின் மேயோ மாவட்டக் கிளையில் டொனெகல் பகுதியின் பழைய டர்னிப் விளக்கு ஒன்றின் அச்சுவார்ப்பு இருக்கிறது. படத்தில் பார்த்தாலே வயிற்றைப் பிசையும்: சுருங்கிய தோல், குழிந்த கண், கோணல் பல். ஐரிஷ் மக்கள் அமெரிக்கா போய்ச் சேர்ந்தபோது, கிழங்கை விடப் பெரிய, குடைய எளிதான பூசணி அங்கே மலிவாகக் கிடைத்தது. வழக்கம் அதற்கு மாறிவிட்டது. ஐல் ஆஃப் மேன் தீவில் இன்றும், அக்டோபர் 31 அன்று வரும் 'ஹாப்-து-நா' இரவுக்கு டர்னிப்பையே குடைகிறார்கள்.

அதனால் என் முடிவு இது. பொதுப்பெயர் 'கொள்ளிவாய் விளக்கு'. பூசணியில் செய்தால் 'கொள்ளிவாய்ப் பூசணி'. ஆங்கிலப் பெயரிலும் பூசணி இல்லை என்பதைக் கவனியுங்கள். பலர் எழுதும் 'பூசணி விளக்கு' தவறில்லை, ஆனால் அதில் பேயும் இல்லை, டர்னிப்புக்கு இடமும் இல்லை. 'திருஷ்டிப் பூசணி' என்று சொல்லலாமே என்றார் நண்பர் ஒருவர். தீயதை விரட்டும் நோக்கம் இரண்டுக்கும் பொது என்பது உண்மை. ஆனால் நம்முடையது சாம்பல் பூசணி. முகத்தை அதன்மேல் வரைவோம், குடைந்து விளக்கு வைப்பதில்லை. இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் இரண்டின் அடையாளமும் போய்விடும். மஞ்சள் பூசணிக்குப் பறங்கிக்காய் என்ற பெயர் இருக்கிறதே என்றும் யோசித்தேன். பறங்கியர் கொண்டுவந்த காய் என்று தன் வரலாற்றையே சொல்லும் நல்ல பெயர். ஆனால் 'கொள்ளிவாய்ப் பறங்கி' என்றால் ஆளைத் திட்டுவதுபோல ஆகிவிடும். இலங்கையில் பறங்கியர் என்றே ஒரு சமூகம் இருக்கிறது. வேண்டாம்.

'கொள்ளி' அமங்கலச் சொல் என்பார்கள் பெரியவர்கள். கொள்ளி வைப்பது என்றாலே சுடுகாடு நினைவுக்கு வரும்தான். ஆனால் ஹாலோவீனே இறந்தவர்களை ஒட்டிய இரவு. அக்டோபர் 31, மறுநாள் அனைத்துப் புனிதர் பெருவிழா, அதற்கு மறுநாள் கல்லறைத் திருநாள். ஹாலோவீன் என்ற பெயருக்கே 'புனிதர் திருநாளின் முந்தைய மாலை' என்றுதான் பொருள். 'பேய்த் திருவிழா' என்று மொழிபெயர்ப்பதைத் தவிர்க்கலாம்; கிறிஸ்துமஸைப்போல ஹாலோவீனையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

கொள்ளிவாய் விளக்கு என்று பெயர் வைத்த பிறகு எங்கள் வீட்டு வேலையும் எளிதாகிவிட்டது, ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் பூசணி வாங்க வேண்டியதில்லை. ஊறுகாய் தீர்ந்த கண்ணாடிப் புட்டியின் மேல் ஆரஞ்சு நிற டிஷ்யூ காகிதத்தை மைதாப் பசையால் ஒட்டி, கறுப்புக் காகிதத்தில் கண்ணும் வாயும் வெட்டிப் பதித்தோம். காலி பால் கேன்களில் மார்க்கரால் மூஞ்சி வரைந்தோம். உள்ளே பேட்டரி விளக்குதான். காகிதம் ஒட்டியதில் நெருப்பு வைக்கக் கூடாது. பூசணி ஒன்றே ஒன்று. மூடியை வெட்டும்போது கத்தியை உட்பக்கம் சாய்த்துப் பிடித்தால் மூடி உள்ளே விழாது. முகம் வரும் பக்கத்தை ஒரு அங்குல கனம் வரை சுரண்டினால் கத்தி சுலபமாக இறங்கும். செதுக்கிய காய் ஒரு வாரத்துக்கு மேல் தாங்குவது கடினம் என்பதால் 29ஆம் தேதிக்கு முன்னால் கை வைக்கவில்லை. விதைகளைக் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் பிசறி வறுத்தோம்.

31ஆம் தேதி சாயங்காலம் எல்லாவற்றையும் படியில் வரிசையாக வைத்து விளக்கைப் போட்டதும், பக்கத்து வீட்டுப் பையன் வந்து பெயர் கேட்டான். மகள் ஒவ்வொரு எழுத்தாக நிறுத்திச் சொல்லிக் கொடுத்தாள். 'ள்ளி' அவன் நாக்கில் வரவே இல்லை. 'வாய்' வந்துவிட்டது.