தாதியா, செவிலித்தாயா?

அண்மையில் ஓடிடி தளமொன்றில் பார்த்த ஆங்கிலப் படத்தின் தமிழ் வசனவரியில், குழந்தையைப் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு வந்த பெண் தொடக்கத்திலிருந்தே 'தாதி'. பாதிப் படத்தில் குழந்தையின் தாய் மாடிப்படியில் உருண்டு விழுந்து மருத்துவமனைக்குப் போகிறாள். அங்கே ஊசி போட வருகிறவளும் 'தாதி'. "அந்தத் தாதியை என் அருகில் விடாதீர்கள்!" என்று அவள் அலறும்போது, எந்தத் தாதி என்று திரைக்கு வெளியே நாம்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். உடன் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா உண்மையிலேயே தாதி, அதாவது நர்ஸ். "இரவு வேலை முடித்து வந்து உட்கார்ந்தால், இங்கேயும் எங்களைத்தான் கொலைகாரி ஆக்கி வைத்திருக்கிறார்கள், தம்பி" என்றார். ஆங்கில 'நேனி'யைத் தாதி ஆக்கும் இந்த மொழிபெயர்ப்பு பல படங்களில் கண்ணை உறுத்திவிட்டது. இனியும் சும்மா இருப்பதற்கில்லை.

படவகையை எல்லோரும் அறிவார்கள். தன் குழந்தையையோ கணவனையோ பறிகொடுத்த ஒருத்தி, அதற்குக் காரணம் என்று தான் நம்பும் குடும்பத்துக்குள் பொய்ப்பெயரில் நுழைகிறாள். பிள்ளையின் அன்பைப் பிடிக்கிறாள். மருந்துப் புட்டியை மாற்றி வைக்கிறாள். பெற்றவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று கணவனே ஐயப்படும்படி செய்கிறாள். உண்மையைக் கண்டுபிடிக்கும் தோழி மூன்றாம் காட்சி தாண்டி உயிரோடு இருப்பதில்லை. ஒரு வீடு, ஐந்தாறு நடிகர், ஒரு சமையலறைக் கத்தி இருந்தால் படம் எடுத்துவிடலாம். அதனால்தான் சிறு முதலீட்டுத் தயாரிப்பாளர்களுக்கு இந்தக் கதை இவ்வளவு பிடிக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கான இத்தகைய படங்களில் பல, வரிச்சலுகைக்காகக் கனடாவில் சில வாரங்களுக்குள் எடுத்து முடிக்கப்படுபவை.

ஆங்கிலத்தில் அந்தப் பெண் 'நேனி'. ஆன் என்ற பெண்பெயரின் செல்ல வடிவத்திலிருந்து வந்தது என்பார்கள். 'நர்ஸ்' என்பதோ ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரில் பிறந்து, பால் கொடுப்பவளைக் குறித்து, பிறகு நோயாளியைக் கவனிப்பவளுக்கு வந்து சேர்ந்தது. நம் 'தாதி'யின் பயணமும் கிட்டத்தட்ட அதுவே: பாலூட்டுபவள் என்னும் பொருளுடைய 'தாத்ரி' என்ற வடசொல்லின் வழி வந்தது. வேலைக்காரி என்ற பொருளில் வரும் தாதி வேறு. அது தாசியின் திரிபு.

அகராதியைத் திறக்கிற மொழிபெயர்ப்பாளர் இந்த இடத்தில்தான் வழுக்கி விழுகிறார். 'தாதி: வளர்ப்பவள், செவிலி' என்று அதில் இருக்கிறது, எடுத்துப் போட்டுவிடுகிறார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அந்தச் சொல் எப்போதோ மருத்துவமனைச் சீருடை அணிந்துவிட்டது என்பது அவருக்குத் தெரியவில்லை. இங்கே செய்தித்தாளிலும் வானொலியிலும் மருந்தகச் சுவரொட்டியிலும் தாதி என்றால் நர்ஸ்தான், வேறு பேச்சில்லை. ஒரு நேர்மையான விதிவிலக்கையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகைக்கே முன்மாதிரியாக நின்ற 1992ஆம் ஆண்டின் ஹாலிவுட் படத்தில், ரெபெக்கா டி மோர்னே நடித்த பெண் நள்ளிரவில் எழுந்து அந்த வீட்டுக் கைக்குழந்தைக்குத் தானே திருட்டுத்தனமாகப் பால் கொடுப்பாள். பிறகு குழந்தை பெற்றவளிடம் பால் குடிக்க மறுக்கும். சொல்லின் மூலப்பொருளில் அவள் தாதியேதான்! ஆனால் மூலப்பொருளை மனத்தில் வைத்துக்கொண்டு யார் படம் பார்க்கிறார்கள்? அதற்கு இரண்டாண்டு முன், விபத்தில் சிக்கிய எழுத்தாளனைக் கட்டிலோடு சிறைவைக்கும் வேடத்தில் நடித்து கேத்தி பேட்ஸ் ஆஸ்கர் வாங்கினார். அந்தப் பாத்திரம் முன்னாள் நர்ஸ். அங்கே தாதி என்று தாராளமாக எழுதட்டும்.

'பணிப்பெண்' என்று எழுதுகிறவர்களும் உண்டு. இது தாதியைவிட மோசம் என்பேன். சிங்கப்பூர்த் தமிழில் பணிப்பெண் என்றால் இந்தோனீசியாவிலிருந்தோ பிலிப்பீன்ஸிலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வேலை அனுமதியில் வந்து நம் வீட்டில் சமைத்துத் துவைக்கும் பெண். 1978இல் தொடங்கிய திட்டம். இன்று 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். வெள்ளைக்கார வீட்டுக் கற்பனைக் கொலைகாரிக்கு அவர்களுடைய பெயரைச் சூட்டினால், படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போகிறவர் பார்வை எப்படி இருக்கும்?

இனி 'குழந்தைப் பராமரிப்பாளர்'. அலுவலகத் தமிழின் செல்லப்பிள்ளை. மின்தூக்கிப் பராமரிப்பு, பூங்காப் பராமரிப்பு, கால்வாய்ப் பராமரிப்பு, அந்த வரிசையில் குழந்தையும். முதியோரைக் கவனிப்போருக்கான படிவத்தில் அந்தச் சொல் இருக்கட்டும், குறை சொல்லவில்லை. பழிவாங்கும் கதைக்கு அது ஆகாது. 'அர்' விகுதி போட்டவுடன் ஆணா பெண்ணா என்பதே மறைந்துவிடுகிறது. இந்தக் கதையோ ஒருத்தி இன்னொருத்தியின் தாய்மை இடத்தைப் பறிப்பதைத் தவிர வேறெதுவும் இல்லை. "பராமரிப்பாளர் கத்தியை எடுத்தார்" என்று படித்தால் பழுதுபார்க்க வந்தவர் என்றல்லவா தோன்றுகிறது!

'ஆயா' போர்த்துகீசியச் சொல். தமிழில் நன்றாக ஊறிவிட்டாலும், சிலருக்குப் பாட்டி, சிலருக்குப் பள்ளிக்கூட உதவியாளர். அதே போர்த்துகீசிய வழியில் வந்த 'அமா' இந்த ஊர்ப் பழையவர்களுக்குத் தெரியும்: வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, திருமணமே வேண்டாம் என்று உறுதி எடுத்துக் குவாங்டோங்கிலிருந்து வந்து அடுத்தவர் பிள்ளைகளை வளர்த்த சீனப் பெண்கள். அந்தப் பெயரைக் கொலைகாரிக்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தமிழில் இந்த உறவுக்கு ஒரு சொல் ஈராயிரம் ஆண்டுகளாக இருக்கிறது: செவிலி, செவிலித்தாய். பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய் என்று அகப்பாடல் பிரித்து வைத்திருக்கிறது. தோழி என்பவளே செவிலியின் மகள்தான் என்கிறது தொல்காப்பியம். நற்றிணையின் 110ஆம் பாட்டைப் பாருங்கள். நரைத்த கூந்தலுடைய செவிலியர் ஒரு கையில் தேன் கலந்த பாலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி, மறுகையில் சிறு கோலை ஓங்கிக்கொண்டு, உண்ண மாட்டேன் என்று ஓடும் சிறுமியின் பின்னால் மூச்சு வாங்கத் துரத்துகிறார்கள். ஒரு கையில் பால், மறு கையில் கோல். இந்தப் படங்களின் விளம்பரத்தில் ஒரு கையில் பால்புட்டியும் முதுகுக்குப் பின்னால் கத்தியுமாக நிற்பவள் அந்த மரபில் கெட்டுப்போன ஒருத்தி, அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் செவிலியர் என்றால் நர்ஸ்தானே, அங்கே குழம்பாதா என்று கேட்பார்கள். குழம்பும், வெறும் செவிலி என்றால். அதனால்தான் 'தாய்' ஒட்டிய வடிவத்தை வற்புறுத்துகிறேன். எந்தக் கரையிலும் செவிலித்தாய் ஊசி போட மாட்டாள். 'வளர்ப்புத்தாய்' என்றும் எழுத வேண்டாம். அவள் சட்டப்படி தத்தெடுத்தவளாகவும் இருக்கலாம்.

இந்தப் படவகைக்குச் சூட்டும் 'த்ரில்லர்' என்ற ஆங்கிலச் சொல்லை என்ன செய்வது என்றால், அப்படியே விட்டுவிடுங்கள். 'திகில் படம்' என்று மாற்றிப் பேய் வரும் என்று காத்திருக்க வைக்காதீர்கள். குறைந்த செலவுப் படத்தை 'மலிவான படம்' என்று எழுதுவதையும் நிறுத்தலாம். செலவு குறைவு என்பது வேறு, தரம் குறைவு என்பது வேறு. பழிவாங்கும் செவிலித்தாய்ப் படம் என்றால் வகை விளங்கிவிடுகிறது. திரையின் அடியில் இடம் போதாது என்று வசனவரி எழுதுவோர் வழக்கமாகச் சொல்லும் சாக்கும் இங்கே செல்லாது: செவிலித்தாய்க்கு 6 எழுத்து, குழந்தைப் பராமரிப்பாளருக்கு 13.