"ரெண்டே ரெண்டுதான், டொக்டர்"

போன கிழமை ஒரு தம்பி கிளினிக்குக்கு வந்தார். வயது 38. இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. 2009இல் ஷெல் பட்டுப் போனது. செயற்கைக் காலோடு நெல் மில்லில் மூட்டை அடுக்கி, வீடு கட்டி, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். அவருடைய வலது கால் பெருவிரல் நுனி கறுத்திருந்தது. புறங்காலில் விரல் வைத்துத் தேடினேன். நாடி கிடைக்கவில்லை.

"எத்தனை பத்துறனீங்கள்?"

"இப்ப குறைச்சிட்டன் டொக்டர். காலமை ஒரு பீடி, பின்னேரம் ஒண்டு. ரெண்டே ரெண்டுதான்."

கிளிநொச்சியிலிருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார், முல்லைத்தீவுக் கரையிலிருந்து வருகிறவரும் இதைத்தான் சொல்கிறார். மிதிவெடிக்கும் ஷெல்லுக்கும் தப்பி வந்த ஒற்றைக் காலைப் பீடிக்குக் கொடுக்கப் போகிற ஒருவர் அதையே சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

புகை என்றதும் எங்கட சனம் நெஞ்சைத்தான் நினைக்கிறது. இருமல் இல்லை, சளி இல்லை, எனக்கு ஒன்றுமில்லை என்கிறார்கள். புகை இரத்தக்குழாய் போகிற இடமெல்லாம் போகும். இதயத்தில் மாரடைப்பு, மூளையில் பாரிசவாதம், காலில் அழுகல். சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் இன்னும் வேகம்.

இந்தத் தம்பிக்குச் சீனியும் இல்லை, பிரஷரும் இல்லை. இவருக்கு இருப்பதைப் பேர்கர் நோய் என்கிறோம். 1908இல் லியோ பேர்கர் என்ற வைத்தியர் விவரித்து எழுதியதால் வந்த பெயர். 50 வயதுக்குள் கை, கால்களின் சிறிய இரத்தக்குழாய்கள் வீங்கி அடைபடுகிற நோய் இது. தெற்காசியாவில், அதிலும் பீடி குடிக்கிற ஆண்களிடம், கூடுதலாகக் காண்கிறோம். புகையிலைப் பழக்கம் இல்லாத ஒருவருக்குப் பேர்கர் நோய் என்று எழுத எந்த வைத்தியரும் தயங்குவார். அந்தளவுக்கு இரண்டும் ஒட்டியவை.

இனி அந்த "குறைச்சிட்டன்" கதைக்கு வருகிறேன். இருபதை இரண்டாக்கினால் ஆபத்தும் பத்தில் ஒன்றாகும் என்று எல்லோரும் மனக்கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்குப் பிழை. மாரடைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு 20 சிகரெட் பத்துகிறவருக்கு மேலதிகமாகச் சேருகிற ஆபத்தில் ஏறத்தாழப் பாதி, நாளுக்கு ஒன்றே ஒன்று பத்துகிறவருக்கும் சேருகிறது. பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2018இல் வெளியிட்ட முடிவு அது. பேர்கர் நோய் இன்னும் பொல்லாதது. நாளுக்கு ஒன்றிரண்டே அதை அணையாமல் வைத்திருக்கப் போதும். மாரியில் குளக்கட்டு உடைந்தால், உடைப்பைச் சின்னதாக்கிவிட்டோம் என்று ஊர்ச்சனம் வீட்டுக்குப் போய்ப் படுக்குமா? அடைத்து முடிக்கிற வரைக்கும் மண்மூட்டையோடு நிற்போம். காலுக்கும் அப்படித்தான்.

1990இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இந்த நோயோடு பழக்கத்தை முற்றாக விட்டவர்களில் 94 வீதமானோர் கை காலை வெட்டாமல் தப்பினார்கள். தொடர்ந்தவர்களில் 43 வீதமானோருக்கு ஏதோ ஒன்றை வெட்ட வேண்டி வந்தது. என்னிடம் இருக்கிற எந்த மருந்தும் இந்தளவுக்கு வேலை செய்யாது.

பீடியை விட்டுவிட்டு வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களே, அதுவும் அதே புகையிலைதான். சுருட்டுக்கு மாறியவர்களும் கேளுங்கள்: புகையை உள்ளுக்கு இழுக்கவில்லை என்பது ஒரு சாட்டு, வாய்த்தோல் வழியாகவே நிக்கொட்டின் இரத்தத்துக்குப் போகும். மற்றவர்களுக்குப் பழக்கத்தை விடப் பயன்படும் நிக்கொட்டின் சூயிங்கத்தைக்கூடப் பேர்கர் நோயாளிக்குக் கொடுக்க நாங்கள் தயங்குகிறோம். கடையில் வாங்கி நீங்களாகத் தொடங்க வேண்டாம்.

2015இலிருந்து சிகரெட் பெட்டியில் 80 வீத இடத்துக்கு நோய்ப் படம் போட வேண்டும். எங்கட ஊர்க் கடைகளில் பெட்டியை யார் வாங்குகிறார்கள்? ஒன்றொன்றாகத்தானே வாங்குகிறார்கள். படம் கடைக்காரரோடேயே நின்றுவிடுகிறது. கடை வைத்திருக்கிற அண்ணைமாரிடம் ஒன்று கேட்கிறேன்: 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக் கூடாது என்று 2006இலேயே சட்டம் வந்துவிட்டது. சீருடையைக் கழற்றி வைத்துவிட்டு வருகிற பெடியனின் முகத்தைக் கொஞ்சம் பாருங்கள்.

நடக்கும்போது கெண்டைக்கால் அல்லது உள்ளங்கால் உளைந்து, நின்றால் விடுகிறதா? வயதுக்கோளாறு என்று எண்ணெய் பூசிக்கொண்டிராதீர்கள். இரவில் கால் எரிந்து, கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டால்தான் நித்திரை வருகிறதா? அடுத்த நாளே வாருங்கள், அடுத்த கிளினிக் திகதி வரைக்கும் பார்த்திருக்க வேண்டாம். குளிர்ந்துபோன காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்காதீர்கள். சூடு தெரியாமல் வெந்துபோன கால்களுக்கு எங்கள் மிஸிமார் மாதக்கணக்காக மருந்து கட்டுகிறார்கள். வரம்பில் வெறுங்காலோடு நடக்காதீர்கள். பிளேட்டால் கால் ஆணியைச் சீவாதீர்கள். ஏற்கெனவே ஒரு காலை இழந்தவர்கள், மற்றக் காலை ஒவ்வொரு இரவும் விளக்கு வெளிச்சத்தில் வீட்டில் ஒருவரிடம் காட்டுங்கள்.

தனியாக விட முடியாவிட்டால் 1948 என்ற இலக்கத்துக்கு எடுங்கள், பேசி உதவுவார்கள். முதல் மூன்று நாளும் சரியான கஷ்டம். எரிச்சல் வரும், நித்திரை வராது. அந்த நாட்களில் அவர் சத்தம் போட்டால், வீட்டுக்காரர் தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள். "இதுக்கு நீ பத்துறதே மேல்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அந்தத் தம்பியை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குத் துண்டு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். நேற்று மருந்து கட்ட வந்தார். ஐந்து நாளாகத் தொடவில்லை என்றார். பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தேன், அவரும் ஓமென்று தலையாட்டினார். இரவு எரிவு கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். விரல் நுனி போகும். காலைக் காப்பாற்றலாம் என்று நம்புகிறேன்.